நரம்பு நோவும் மின்சாரச் சிகிச்சையும்

(அருமனையில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற கூட்டம் முடிந்து புறப்படுகையில் அங்கத்தினர் சிலர் என்னை அணுகி, "உள்ளங்கால் எரிச்சலுக்கு மின்சார யந்திரம் ஒன்று விற்கிறார்களாமே, அதை வாங்கலாமா?" என்று வினவினர். அவ்வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆம் என்றால் பலர் பணத்தை இழப்பர். வேண்டாம் என்றால் சிலர் அடையத்தக்க ஆறுதலை இழப்பர். ஆதலின் அதனையே இன்று பேசும் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

முதலாவது, நரம்பு நோவு இன்னதென்று அறிதல் வேண்டும். முள் தைத்தால் வலிக்கிறது. முள்ளை எடுத்தால் வலி நீங்குகிறது. இங்கே நரம்பு, நடந்ததை அறிவிக்கும் தூதனாக இருக்கிறது. அத்தூதனே நோயுற்றாலோ, முள் இல்லாதபோதும் முள் தைத்ததாகவும், நெருப்பு இல்லாதபோதும் நெருப்புப் பட்டதாகவும் ஓயாது அறிவித்துக்கொண்டிருப்பான். நீரிழிவு, அக்கிப் புண், தொழுநோய், முதுகெலும்பிடை வட்டு பிதுங்கி நரம்பை நெருக்குதல் முதலியவற்றால் இந்நிலை உண்டாகும். இவற்றுள் நம் குடும்பங்களில் மிகுதியாகக் காணப்படுவது நீரிழிவால் வருவதே. இந்திய தேசத்தில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உண்டென 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. சென்னையில் நீரிழிவாளரைச் சோதித்து 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 26 பேருக்கு நரம்புக் கேடு காணப்பட்டது.

இந்நோவுக்குக் காயம் இல்லை, வீக்கம் இல்லை. பகலில் வேலையில் மறந்திருப்பது, இரவில் போர்வை பட்டாலும் தணல் பட்டாற்போல் எரியும். பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாமையால், "பாசாங்கு செய்கிறாள்" என்ற பழியையும் நம் வீட்டு முதிய மாதர் சுமக்கின்றனர். வலியினும் இப்பழி கொடிது.

இனி யந்திரத்தின் தத்துவத்தைக் கேளுங்கள். முழங்கால் மேசையில் இடித்துக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? யாரும் கற்பிக்காமலே அவ்விடத்தை உள்ளங்கையால் தேய்க்கிறோம். நோவு சிறிது தணிகிறது. நம் பக்கத்து ஆசான்மார் எண்ணெயிட்டுத் தடவும்போது கிடைக்கும் இதத்திலும் இதற்கு ஒரு பங்கு உண்டு. இதன் காரணத்தை 1965-ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள் விளக்கினர். தொடு உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் தடித்தவை. வலியைக் கொண்டுசெல்பவை மெல்லியவை. இரண்டும் முதுகுத் தண்டில் வந்து சேரும் இடத்தில் ஒரு வாயில் இருப்பது போலவும், தடித்த இழைகளின் செய்தி மிகுந்தால் அவ்வாயில் பாதி சாத்தப்பட்டு வலியின் செய்தி குறைவாகவே மேலே செல்வது போலவும் கொள்ளலாம் என்பது அவர்கள் கொள்கை. பிற்காலத்தார் இக்கொள்கையைப் பலவாறு திருத்தினரெனினும், அதன் சாரம் இன்றும் நிலைத்திருக்கிறது.

கை தேய்ப்பதை மின்சாரம் தேய்க்கச் செய்யலாமன்றோ? ரோமாபுரி வைத்தியரான ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்பார், ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே, மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனைத் தலைவலிக்கும் கால்வலிக்கும் பிரயோகிக்குமாறு எழுதி வைத்தார். 1967-ஆம் ஆண்டில் வாலும், ஸ்வீட் என்னும் மற்றொரு வைத்தியரும் நரம்பு நோவுள்ள சிலருக்கு மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்தி, நோவு தற்காலிகமாக அடங்கக் கண்டனர். அதன் வழியில் வந்ததே இன்று 'டென்ஸ்' எனப்படும் சிறு பெட்டி. உள்ளங்கையில் அடங்கும், பாட்டரியால் இயங்கும், ஊசியோ கத்தியோ வேண்டாம். தோலின்மேல் ஒட்டும் பட்டைகள் வழியாக, பெரும்பாலும் விநாடிக்கு 80 முதல் 120 வரையான துடிப்புகள் செல்லும். வலிக்காத அளவில் நன்றாகச் சுரீரென்று உணரும்படி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் வைப்பது வழக்கம்.

நிற்க. பயன் எவ்வளவு? இங்கேதான் விற்பவர் சொல்லும் ஆராய்ச்சியாளர் சொல்லும் வேறுபடுகின்றன. நீரிழிவு நரம்பு நோவுக்கு இதனை முயன்று பார்க்கலாமென்று அமெரிக்க நரம்பியல் கழகத்தார் 2010-ஆம் ஆண்டில் கூறினர். நெடுநாள் இடுப்பு வலிக்கோ இதனைச் சிபாரிசு செய்யவில்லை. 2017-ஆம் ஆண்டில் காக்ரேன் என்னும் ஆய்வு ஸ்தாபனத்தார் நரம்பு நோவு பற்றிய 15 சோதனைகளை, 724 நோயாளர் விவரங்களுடன் ஆராய்ந்து, பயன் உண்டென்றோ இல்லையென்றோ துணிந்து கூறச் சான்று போதாது என்று முடித்தனர். பலவகை வலிகளையும் சேர்த்து 381 சோதனைகளைத் தொகுத்த 2022-ஆம் ஆண்டு ஆராய்ச்சியோ, யந்திரம் ஓடும்போதும் நிறுத்திய உடனேயும் வலி குறைகிறது என்று கண்டது. இவற்றால் நாம் கொள்ளத்தக்க முடிவு யாது? சிலருக்கு, சிறிது நேரம், ஓரளவு தணிக்கும். கெட்ட நரம்பைச் சீராக்கும் என்பதற்குத் தக்க சான்றில்லை.

இதனை நான் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. என் தாயார் பல்லாண்டு நீரிழிவாளர். வீடு தேடி வந்த ஒரு விற்பனையாளர், "இந்த யந்திரம் இருந்தால் மாத்திரை வேண்டாம், மூன்று மாதத்தில் நரம்பு புதிதாகும்" என்று உறுதி கூறி விற்றுச் சென்றார். நான் அயலூரில் இருந்தேன். தாயார் மாத்திரையை நிறுத்தினார். எரிச்சல் சற்றே தணிந்ததனால் அச்சொல்லை நம்பினார். உணர்ச்சியற்ற பாதத்தில் தோட்டத்துக் குச்சி குத்தியதை அவர் அறியவில்லை. புண் அழுகிய பின்னரே எனக்குச் செய்தி வந்தது. ஒரு விரலை எடுக்க நேர்ந்தது. பிறகு அதே யந்திரத்தை ஓர் இயன்முறை மருத்துவர் கையிலெடுத்து, மரத்த பாதத்தில் வையாமல், உணர்ச்சியுள்ள கெண்டைக்காலில் பட்டைகளை ஒட்டக் கற்பித்தார். இன்று மாத்திரையும் உண்டு, யந்திரமும் உண்டு. படுக்கும் முன் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, என் தாயார் சிறிது உறங்குகிறார். யந்திரம் பொய்யன்று, அதைப் பற்றிச் சொல்லப்பட்டதே பொய்.

ஆதலின் சில விதிகளை மனத்திற்கொள்ளுங்கள். இருதயத்தில் பேஸ்மேக்கர் முதலிய மின்கருவி பொருத்தியவர் மருத்துவர் அனுமதியின்றி இதனைத் தொடலாகாது. கர்ப்பிணிகளும் வலிப்பு நோயுள்ளவரும் மருத்துவரைக் கேளாமல் உபயோகிக்கலாகாது. கழுத்தின் முன்புறத்திலும், புண்ணின்மேலும், மரத்த தோலிலும், புற்றுநோயுள்ள இடத்திலும் பட்டை ஒட்டலாகாது. குளிக்கும்போதும், உறங்கும்போதும், வண்டி ஓட்டும்போதும் கூடாது. எல்லாவற்றினும் மேலாக, சர்க்கரையை அடக்கும் மருந்தையும், மருத்துவர் தரும் நரம்பு நோவு மாத்திரையையும் இதற்காக நிறுத்தலாகாது. விடியுமுன் ரப்பர் பால் வெட்டச் செல்லும் நம் சகோதரர் செருப்பின்றி நடவாமையும், இரவில் விளக்கொளியில் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுதலும், ஆயிரம் யந்திரத்தினும் மேலானவை.

முடிவாக ஒரு விண்ணப்பம். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெட்டியை வாங்கி, பயனில்லையென்று பரணில் எறிவதைக் காட்டிலும், நமது சங்க நிதியிலிருந்து இரண்டு பெட்டிகள் வாங்கி, மருத்துவர் சீட்டுடன் வருவோர்க்கு ஒரு மாத இரவலாகக் கொடுப்போமாக. ஒட்டும் பட்டைகளை மட்டும் அவரவர் தனியே வாங்கிக்கொள்ளட்டும். வைப்பதற்கு முன் வலி எவ்வளவு, பின் எவ்வளவு, உறங்கிய மணி எத்தனை என்று ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதட்டும். மாத முடிவில் அவ்வேடே சொல்லும், வாங்கலாமா வேண்டாமா என்று. உபயோக முறையை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கேட்டறியலாம். 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ், நடமாட இயலாதார் வீட்டுக்கே இயன்முறைச் சிகிச்சையாளர் வருவதும் உண்டு. அதனையும் கேட்டுப் பெறுங்கள்.

இன்றிரவு வீடு சென்றதும், முதிய தாய் தந்தையரின் பாதங்களை ஒருமுறை கையிலெடுத்துப் பாருங்கள். "எரிகிறது" என்று அவர்கள் சொன்னால் நம்புங்கள். அந்நம்பிக்கைக்கு மின்சாரமும் வேண்டாம், பணமும் வேண்டாம்.