கம்ப்யூட்டரில் ஒரு நிலாப் பயணம்

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

லீவு விட்டால் பிள்ளைகள் கம்ப்யூட்டரே கதி என்று கிடக்கிறார்கள் என்பது நம் எல்லா வீட்டிலும் உள்ள புகார். அதே கம்ப்யூட்டரில் அவர்களுக்கு உருப்படியான ஒரு வேலை கொடுக்கலாம் என்று சொல்லத்தான் வந்தேன்.

'ஆர்பிட்டர்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வைகர் 2000-ல் வெளியிட்டது. காசு கிடையாது. அதோடு ஒரு துணை மென்பொருளைச் சேர்த்தால் அப்பல்லோ பயணங்களை நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். அன்று கலத்தில் இருந்த கம்ப்யூட்டரின் புரோகிராமே இதிலும் ஓடுகிறது. அதில் எழுத்து விசைகள் இல்லை. எண்களும், 'வினைச்சொல்', 'பெயர்ச்சொல்' போன்ற பொத்தான்களும்தான். வினை 37, அடுத்து 63 என்று கொடுத்தால் நிலவில் இறங்கும் வேலை தொடங்கும்.

நான் வணிகவியல் படித்தவன். எனக்கே புரிந்த மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, குறி. நிலாவைப் பார்த்து ராக்கெட்டை விட்டால் போய்ச் சேராது. போகும் மூன்று நாளில் நிலா இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தாமிரபரணியில் தண்ணீர் இழுக்கும்போது அக்கரைப் படித்துறைக்கு நேராகவா குதிப்பீர்கள்? சற்று மேலே போய்த்தானே குதிப்பீர்கள்! அதே கணக்குதான்.

இரண்டு, எரிபொருள். வழியில் வரவு வைக்க முடியாத கணக்கு அது; ஓவர்டிராஃப்டும் கிடையாது. 1969 ஜூலை 20 அன்று, இறங்க வேண்டிய இடத்தில் பாறைகள் கிடந்ததால் ஆம்ஸ்ட்ராங் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிப் போனார். தரை தொட்டபோது ஒரு நிமிஷத்துக்கான எரிபொருள்கூட மிச்சமில்லை. நீங்களே ஓட்டினால் அந்தப் பதற்றம் கையில் தெரியும்.

மூன்று, நம் சந்திரயான்-3. 2023 ஜூலை 14-ல் கிளம்பி ஆகஸ்ட் 23-ல் இறங்கியது. அப்பல்லோ மூன்று நாளில் போனதே, நமக்கு ஏன் நாற்பது நாள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய சாட்டர்ன் ராக்கெட் ஏறக்குறைய 2,900 டன். நம்முடையது 640 டன். அவர்கள் ஒரே மூச்சில் போனார்கள். நாம் பூமியைச் சுற்றிச் சுற்றி, சிறுகச் சிறுக உயர்ந்து போனோம். மொத்தமாகப் பணம் இல்லாதவர் ரெக்கரிங் டெபாசிட் போட்டு வீடு கட்டுவது போல. இரண்டு வழியையும் ஆர்பிட்டரில் செய்து பார்த்தால் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இதெல்லாம் நமக்கு அன்னியமில்லை. நாகர்கோவில் ரோட்டில் பணகுடி பக்கம் தெரிகிற மகேந்திரகிரியில்தான் இஸ்ரோவின் ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கிறார்கள். ககன்யானில் மனிதரை அனுப்புவதற்கான கிரையோஜெனிக் இன்ஜின் 2024 பிப்ரவரியில் அங்கேதான் தகுதிச் சோதனையை முடித்தது. அந்த மலையைப் பார்த்தபடியே பஸ்ஸில் போகிற நம் பிள்ளைகளுக்கு உள்ளே நடப்பது என்ன என்று தெரிய வேண்டாமா?

ஆகவே ஒரு கோரிக்கை. சங்க ஹாலில் உள்ள கம்ப்யூட்டரை ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு விடுங்கள். கூட இருந்து சொல்லிக்கொடுக்க நான் தயார். பெரியவர்களும் வரலாம். நிலாவில் மோதினால் அபராதம் இல்லை, மறுபடி கிளம்பலாம்.