குழியில் இறங்கிய கைகள்



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவில் கூடியிருக்கும் இந்த அவையில் ஓலைச்சுவடியைப் பற்றியும் கல்வெட்டைப் பற்றியும் பேச எங்களைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் பேச வந்திருப்பது ஒரு குழியைப் பற்றி. நாங்கள் பழவேற்காட்டு ஏரிக்கரைக்காரர்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் நான்கு பேரோடு ஒருநாள் அகழாய்வுக் குழியில் கூலி வேலை செய்தோம். எந்த இடம், யார் நடத்தியது என்று சொல்லப்போவதில்லை. சொல்ல வந்தது அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியதல்ல.

எங்கள் மாவட்டத்து மண் நெடுங்காலமாகத் தோண்டப்படுகிறது. 1863இல் பல்லாவரத்தில் கற்கருவி கண்ட ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு அத்திரம்பாக்கத்துக்கும் வந்துவிட்டார். அங்கே சாந்தி பப்பு குழுவினர் எடுத்த கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை. 2015-16இல் மாநிலத் தொல்லியல் துறை பட்டறைப்பெரும்புதூரில் தோண்டியது. அங்கே ஓர் இடத்தின் பெயர் இருளந்தோப்பு. இதைச் சொன்னதும் எங்களோடு வந்த இருளர் அக்கா, "எங்க தோப்பா அது? யாரும் சொல்லவே இல்லியே" என்று சிரித்தார்.

காலை ஏழரைக்கு வேலை. நூல் கட்டிச் சதுரமாகப் பிரித்திருந்தார்கள்; குழிகளுக்கு நடுவே தடுப்பாகக் கொஞ்சம் மண்ணை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அதன் பக்கவாட்டில்தான் அடுக்குகள் தெரியும், அதை மிதிக்கக்கூடாது என்றார்கள். மண்வெட்டியை ஓங்கி வெட்டும் வேலை அல்ல இது. குந்தி உட்கார்ந்து சிறு கொத்தால் மண்ணை விரற்கடை அளவுக்குச் சீவ வேண்டும். சீவிய மண் பாண்டில் ஏறி மேலே சல்லடைக்குப் போகும். ஓடு கிடைத்தால் குழி எண், ஆழம், தேதி எழுதிய பைக்குள் போகும். பதினொரு மணிக்கு மேல் குழிக்குள் காற்றே இல்லை. ஆளுயர ஆழத்தில் வெயில் மட்டும் நேராக இறங்கியது.

மதியத்துக்குச் சற்று முன் அந்த அக்கா கையை நிறுத்தினார். "தம்பி, இங்க மண்ணு வேற மாதிரி கீது" என்றார். மேற்பார்வையில் இருந்த ஆய்வு மாணவர் குனிந்து பார்த்தார். நிறத்தில் வேறுபாடு தெரியவில்லை. "நெறத்துல இல்ல, தொட்டுப் பாரு. தளர்வா கீது." தண்ணீர் தெளித்துப் பார்த்தபோது மெல்லக் கறுப்பாக ஒரு வட்டம் எழுந்தது. கம்பம் நட்ட குழி. எவரோ கூரை வேய நட்ட கால் மக்கிப்போய், அந்த இடத்தை வேறு மண் நிரப்பியிருக்கிறது. கொத்து இன்னும் இரண்டு முறை ஓடியிருந்தால் அது போயிருக்கும்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். "எறா தடவுற கை இது" என்றார். ஏரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இடுப்பளவுத் தண்ணீரில், பறியைப் பல்லில் கடித்தபடி, கண்ணுக்குத் தெரியாத சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள் இருளர் பெண்கள். வலை இல்லை, படகு இல்லை. ஏரியில் பாடு என்றொரு முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்று முறைவைத்துப் பகிர்வது அது. நல்ல ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பலர் புகழ்கிறார்கள். அந்த முறைக்குள் பிறப்பால் இடம் பெற்றவர்கள் பட்டினவர்கள். தலித்துகளும் இருளர்களும் அதற்கு வெளியே. துறைமுகமும் அனல்மின் நிலையமும் எல்லோருடைய ஏரியையும்தான் கெடுக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அதற்கெதிரான போராட்ட மேடையில் பாட்டைப் பற்றிப் பேசினால் முகங்கள் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். வலை மறுக்கப்பட்ட கைதான் அந்த வட்டத்தைக் கண்டது.

சாயங்காலம் ஒரே மேசையில் இரண்டு பதிவேடுகள் இருந்தன. ஒன்றில் கம்பக்குழியின் ஆழமும் விட்டமும் படமும் ஏறின. கண்டவர் பெயருக்கு அதில் கட்டமே இல்லை. அடுத்ததில் அக்காவின் பெயர் இருந்தது, கூலிக்கு எதிரே, கைநாட்டோடு. உடைந்த ஓட்டுக்கு எண் இருக்கிறது, இடம் இருக்கிறது, தேதி இருக்கிறது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தை இந்தியத் தொல்லியல் துறை காக்கிறது. வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கிய கற்கள். உள்ளே செத்தவர் பெயரும் ஆண்டும் வெட்டிய பலகைகள். அதே டச்சுக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டில், பஞ்சம் வந்தபோதெல்லாம், இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக வாங்கி படேவியாவுக்குக் கப்பலேற்றியது. அவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. எங்கள் முன்னோர் அதில் இருந்தார்களா என்று கேட்கிறார்கள். பெயர் எழுதாமல் ஏற்றினால் எப்படிச் சொல்வது?

அகழாய்வு அறிக்கைகளில் குழியில் வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் வேண்டும். எந்தத் தடயத்தை யார் முதலில் கண்டார் என்ற கட்டம் பதிவேட்டில் வேண்டும். இதற்குத் தனி நிதி வேண்டாம், ஒரு கோடு போட்டால் போதும். தொல்லியல் படிக்கும் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நாளை அந்தப் பதிவேடு உங்கள் கையில்தான் இருக்கும்.

அன்று குழிமேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டியபின், அந்த மாணவர் தன் சொந்த நாட்குறிப்பை எடுத்துவந்து அக்காவிடம் முழுப் பெயரைக் கேட்டார். எழுதிவிட்டு, சரியா என்று காட்டினார்.

"எனக்கு எங்க தெரியும் கண்ணு, இன்னொருவாட்டி படி" என்றார் அக்கா. அவர் படித்தார்.