தெரிந்தே சொன்ன பொய்யா, நம்பிச் சொன்ன பொய்யா?



நேர்மையற்ற அரசியல்வாதி தெரிந்தே பொய் சொல்கிறாரா, தன் பொய்யைத் தானே நம்பிவிடுகிறாரா? இதற்கு விடை தேடி உளவியல் நூல்களைப் புரட்டுமுன் நம் தேர்தல் சட்டத்தைப் பாருங்கள். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 123(4): வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிப் பொய்ச்செய்தி பரப்புவது முறைகேடு. பொய்யென்று நம்பியே சொன்னவரும் மாட்டுவார். உண்மையென்று நம்பாமலே சொன்னவரும் மாட்டுவார். எனக்குக் கவலை தருபவர் இந்த இரண்டாமவர். மெய்யா பொய்யா என்று விசாரிக்கவே அவர் முற்படுவதில்லை. தத்துவவாதி ஹாரி பிராங்பர்ட் 1986இல் எழுதிய கட்டுரையில், உண்மைக்குப் பொய்யரைவிடப் பெரிய பகைவர் இவரே என்றார்.

ஆனால் ஆற்றைப் பற்றிச் சொல்லும் பொய்யை அந்தப் பிரிவு தொடாது. இந்தக் கருத்தரங்குக்காக நாம் கூடியிருப்பதோ, தோல் ஆலைக் கழிவால் மாசுபட்ட பாலாற்றங்கரை.

1996 ஆகஸ்ட் 28 அன்று, அந்த மாசை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. அதற்குப் பிறகு இந்த மண்ணில் வாக்குக் கேட்கும் எவரும் “எனக்குத் தெரியாது” என்று சொல்ல முடியாது.

அப்படியும் நம்பிக்கொள்ள வழி இருக்கிறது. ஆலைக் கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தது உண்மை. ஆனால் பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புப் போடுகிறார்கள்; அது கழிவுநீரில் கரைந்து வருகிறது. நுண்ணுயிர்கள் கழிவை மட்கச் செய்யும், கரைந்த உப்பை ஒன்றும் செய்யாது. சவ்வூடு வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கினால்தான் அது நீங்கும். “நிலையம் இருக்கிறது, ஆகவே ஆறு சுத்தம்” என்று ஒருவர் மேடையேறினால், முதல் பாதியின் மெய் இரண்டாம் பாதியையும் அவர் மனத்தில் மெய்யாக்கிவிடும். சுயஏமாற்று பெரும்பாலும் இந்த அரைமெய்யில்தான் குடியிருக்கிறது என்பது என் கருத்து.

கேட்பவர்களும் அதற்குத் துணை போகிறார்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனிச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்க்கு, ஆறு சுத்தம் என்ற சொல் எவ்வளவு ஆறுதல்! அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்த ஆறுதலில் வாக்கு அறுவடை செய்பவரை நிச்சயம் குறை சொல்வேன். 2025 ஜனவரி 30 அன்றும் இதே மாசுக்காக உச்ச நீதிமன்றம் இழப்பீட்டுக்கு உத்தரவிட நேர்ந்ததே!

மனத்துக்குள் புகுந்து பார்க்கும் கருவி நம்மிடம் இல்லை. தேதி இருக்கிறது, ஆவணம் இருக்கிறது. எந்தப் பேச்சை ஆராய்ந்தாலும், அது பேசப்பட்ட நாளில் எந்தத் தீர்ப்பு, எந்த ஆய்வறிக்கை பேச்சாளரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதை அவர் கேட்டு வாங்கினாரா என்பதைக் கட்டுரையாளர்கள் எழுதவேண்டும். முதல் அமர்வைத் தொடங்குமாறு அழைக்கிறேன்.