கண்ணாடிப் புட்டியில் மஞ்சள் செடி



வாழைப்பூவை நறுக்குகிறோம். சற்று நேரத்தில் அது கறுத்துப் போகிறது. அதனால்தான் மோர் கலந்த தண்ணீரில் போட்டு வைக்கிறோம். பூ ஏன் கறுக்கிறது? காற்றில் ஆக்சிஜன் என்ற வாயு இருக்கிறது. அது இல்லாமல் நாம் உயிர் வாழ முடியாது. ஆனால் அதுவேதான் நறுக்கிய பூவைக் கறுக்கச் செய்கிறது. இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது.

நம் உடலுக்குள்ளும் ஆக்சிஜனால் சில கேடுகள் நேர்கின்றன. அவற்றைத் தடுக்கும் பொருள்களுக்கு 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள்' என்று பெயர். பெயர்தான் நீளம். பொருள் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. நெல்லிக்காயில் இருக்கிறது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினும் அப்படிப்பட்ட பொருள்தான்.

மஞ்சளைக் கிழங்கு நட்டுத்தான் பயிர் செய்கிறோம். அந்தக் கிழங்கில் நோய் இருந்தால் என்ன ஆகும்? நோயும் சேர்ந்தே நிலத்துக்குப் போகும். பயிர் அழுகும். உழவர் கடனாளி ஆவார்.

இதற்கு ஒரு வழி புனேயில் கிடைத்தது. இங்கே பாஷாண் பகுதியில் தேசிய வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. 1950இல் திறக்கப்பட்டது. திசு வளர்ப்பு முறையில் மஞ்சளை விரைவாகப் பெருக்கலாம் என்று அங்குள்ள விஞ்ஞானிகள் 1978இல் எழுதி வெளியிட்டார்கள்.

திசு வளர்ப்பு என்றால் என்ன? கிழங்கிலிருந்து சிறு முளையை வெட்டி எடுக்கிறார்கள். கிருமி நீங்கக் கழுவுகிறார்கள். கண்ணாடிப் புட்டிக்குள் வைக்கிறார்கள். புட்டியில் மண் கிடையாது. சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த கூழ் இருக்கும். கூழை உறைய வைப்பது கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர். நம் ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் கடலில் இறங்கிப் பறிக்கிறார்களே, அந்தப் பாசிதான். ஒரு முளை பல முளைகளாகும். கவனமாகச் செய்தால் நோயில்லாத கன்றுகள் கிடைக்கும்.

இன்னொரு முறையும் உண்டு. அதில் செடியே வேண்டாம். செடியின் உயிரணுக்களை மட்டும் பெரிய கலனில் வளர்க்கிறார்கள். அவை மருந்துப் பொருளை உண்டாக்கும். ஜப்பானில் 1980களில் ஒரு மூலிகை வேரின் சிவப்புப் பொருளை இப்படித் தயாரித்து விற்றார்கள். ஆனால் எல்லாச் செடிக்கும் இது பலிப்பதில்லை. செலவும் அதிகம். வயலில் மலிவாக விளையும் மஞ்சளுக்கு இது தேவையில்லை.

அப்படியானால் யாருக்குத் தேவை? காட்டு மூலிகைகளுக்குத் தேவை. வேருக்காகப் பிடுங்கினால் செடியே போய்விடும். சகியாத்ரி மலையில் நரக்யா என்ற மரம் இருக்கிறது. புற்றுநோய் மருந்துக்கான மூலப்பொருள் அதில் உண்டு. அதற்காகவே ஏராளமான மரங்களை வெட்டிவிட்டார்கள். மருந்தும் வேண்டும், மரமும் வேண்டும். அதற்குத்தான் இந்த ஆராய்ச்சி.

கடைசியாக ஒன்று. 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான் நிறைந்தது, எல்லா நோயும் தீரும்' என்று யாராவது டானிக் விற்க வந்தால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். பாட்டிலை வாங்கிப் படியுங்கள். உள்ளே என்ன இருக்கிறது? எந்த நாள்வரை பயன்படுத்தலாம்? மருத்துவர் தந்த மருந்தை அதற்காக நிறுத்தாதீர்கள். நெல்லிக்காயும் கீரையும் வாங்கிச் சாப்பிடுங்கள்.

நேற்று அந்த எழுத்து நமக்கு வெறும் கோடு. இன்று அதைப் படிக்கத் தெரியும். படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.