நீச்சல் தெரிந்தால் மட்டும் போதுமா?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் பிள்ளைகளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. தோட்டத்தை ஒட்டி ஓடும் ஆறு, மலையடிவாரத்து அருவி, பழைய ஈயக் குட்டை, கடற்கரை என்று தண்ணீர் இருக்கும் இடம் பார்த்துப் புறப்பட்டு விடுவார்கள். குடும்பத்தோடு படகேறித் தீவுகளுக்குப் போவோரும் உண்டு. போக வேண்டாம் என்று நாம் சொல்லப் போவதில்லை. ஆனால், “என் மகனுக்கு நீச்சல் தெரியும், பயமில்லை” என்று பெற்றோர் சொல்லும்போது நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. நீச்சல் தெரிந்தால் மட்டும் போதுமா? இதைத்தான் இன்று எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஆற்றையும் அருவியையும் எடுத்துக்கொள்வோம். நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலை உச்சியிலோ மழை கொட்டியிருக்கும். சில வேளைகளில் விழுந்த மரங்களும் சருகுகளும் ஓடையை அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பு உடைந்தால், தேங்கிய நீர் அத்தனையும் ஒரே பாய்ச்சலாக இறங்கும். மலாய்க்காரர்கள் இதைக் ‘கெப்பாலா ஆயெர்’ என்பார்கள். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் கெடாவில் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம், யான் வட்டாரத்தில் பல உயிர்களைக் கொண்டு போயிற்று.

அந்த வேகத்தின் முன் நீச்சல் என்ன செய்யும்? அடையாளம் கண்டு முன்னதாகக் கரையேறுவதே வழி. தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், மேற்புறத்தில் இரைச்சல் கேட்டாலும், மலைப்பக்கம் வானம் கறுத்தாலும் உடனே வெளியேற வேண்டும். ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடக் கூடாது. வெள்ளமும் அவ்வழியேதான் வரும். பக்கவாட்டில் மேட்டைப் பார்த்து ஏற வேண்டும். சோற்றுப் பானையும் துணிமணியும் போனால் போகட்டும்.

அடுத்து ஈயக் குட்டை. பேராக்கிலும் சிலாங்கூரிலும் ஈயம் தோண்டி எடுத்த பள்ளங்கள் இன்று நீர் நிறைந்து கிடக்கின்றன. பார்வைக்கு அவை அமைதியானவை. ஆனால் கரை மணல் உறுதியற்றது. இரண்டடி வைத்தால் முழங்கால் அளவு நீர் இருக்கும். மூன்றாவது அடியில் ஆளை மறைக்கும் ஆழம் இருக்கலாம். அடியில் சேறு. ஏறி வரலாம் என்றால் சரியும் மணலில் பிடிப்பு இல்லை. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்ற பழமொழியை நாம் வேறு காரியங்களுக்கு உவமையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஈயக் குட்டையில் அது உவமை அன்று; சொல்லுக்குச் சொல் உண்மை.

2018ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், பூச்சோங்கில் கைவிடப்பட்ட ஒரு சுரங்கக் குட்டையில் விழுந்த இளைஞரைத் தேடி இறங்கிய பொம்பா வீரர்கள் ஆறு பேர் மூழ்கி இறந்தனர். அவர்கள் நீரில் மீட்புப் பணி செய்வதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். அவர்களுக்கே அந்த நிலை என்றால், தம்பி மூழ்குகிறான் என்று பதறிக் குதிக்கும் அண்ணனின் நிலை என்ன? ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவரை இழந்த வீடுகள் நம்மிடையே உண்டு.

மூழ்குபவர் பெரும்பாலும் கூவி அழைப்பதில்லை. வாய் நீர் மட்டத்தில் இருப்பதால் மூச்சு வாங்கவே நேரம் போதாது. கைகள் நீரை அமுக்கிக்கொண்டிருக்கும். கை காட்டவும் இயலாது. விளையாடுகிறான் என்று நாம் நினைத்திருக்கும் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே சிறு பிள்ளைகள் நீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் வேறு வேலையின்றி, கைப்பேசியையும் பார்க்காமல், அவர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆபத்து என்றால் குதிக்காதீர்கள். கரையில் படுத்துக்கொண்டு நீண்ட கம்பை நீட்டுங்கள். எட்டாவிட்டால் மிதக்கும் பொருளை எறியுங்கள். சமையல் எண்ணெய் வரும் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் போத்தலில் சிறிது நீர் விட்டு, மூடியை இறுக்கி, கைப்பிடியில் கயிறு கட்டினால் அதுவே நல்ல மிதவை. எங்கள் பள்ளித் திடலில் மாணவர்களுக்கு இதை எறியக் கற்றுத் தருகிறோம். பத்து வயதுப் பிள்ளையும் எறிந்துவிடுகிறது. ஒருவர் மிதவையை எறியும்போதே மற்றொருவர் 999 எண்ணை அழைக்க வேண்டும்.

இனிப் படகுப் பயணம். 2010ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் பினாங்குக் கடலில் டிராகன் படகு ஒன்று பயிற்சியின்போது கவிழ்ந்து, ஓர் ஆசிரியரும் ஐந்து மாணவர்களும் உயிரிழந்தனர். மிதவைச் சட்டை இருக்கைக்கு அடியில் கிடந்தால் பயனில்லை. படகில் கால் வைக்கும் முன்பே அதை அணிந்து, வார்களை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அளவுக்கு மேல் ஆளேற்றும் படகில் ஏறாதீர்கள். கூலி கொடுத்தாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். படம் எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் சாயக் கூடாது. படகு கவிழ்ந்தால் அதையே பற்றிக்கொண்டிருங்கள். கரை பக்கத்தில் இருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும். நீந்தினால்தான் தொலைவு தெரியும். கிழக்குக் கரைக்குச் செல்வோர், நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம், கடல் கொந்தளிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இறுதியாக ஒன்று. நீரிலிருந்து எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் தவறு. அதனால் பொன்னான நேரம் வீணாகிறது. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கக் கிடத்தி, தலையைப் பின்னே சாய்த்து, மோவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பிறகு மார்பின் நடுவில் விட்டுவிட்டு அழுத்த வேண்டும். உதவி வரும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். முதலுதவி வகுப்பில் இதை முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது.

நேயர்களே, பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுங்கள், அது தேவை. அதோடு எப்போது இறங்கக் கூடாது, எப்போது ஏற வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்றுக் கொடுங்கள். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் வருகைப் பதிவேட்டை விரித்து நாங்கள் பெயர்களை வாசிப்போம். ஒவ்வொரு பெயருக்கும் பதில் குரல் வரவேண்டும்.