காலடியில் வெடிமருந்து

1973-இல் சோவியத் படை ஏற்ற டி-72 டாங்கியில் வீரர் மூவரே. பீரங்கியில் குண்டு நிரப்புவது இயந்திரம். ஆதலின் டாங்கி சிறுத்தது. எடை ஏறத்தாழ 41 டன். 1980-இல் வந்த அமெரிக்க ஆப்ராம்ஸில் குண்டு நிரப்பவும் ஒருவர் உண்டு. ஆக நால்வர், எடை 54 டன்.

சிறிய டாங்கி எதிரியின் குறிக்கு எளிதில் அகப்படாது, உண்மையே. ஆனால் அதன் குண்டுகள் வீரரின் காலடியில் வட்டமாக அடுக்கப்பட்டுள்ளன. கவசம் துளைபட்டு அவை வெடித்தால் மூவரும் மாய்வர். 1991 வளைகுடாப் போரில் பல டி-72 டாங்கிகளின் சுழல்கோபுரங்கள் இவ்வாறே பெயர்ந்து வீழ்ந்தன. ஆப்ராம்ஸிலோ, பெரும்பாலான குண்டுகள் கதவிட்ட தனியறையில் உள்ளன. தீப்பற்றினால் கூரைத் தகடு பிரிந்து, வெடிப்பு வெளியேறும்.

பின்வந்த டி-72பி, டி-90 ஆகியவற்றில் கவசம் வலுத்தது. காலடி அடுக்கு நீங்கவில்லை. ஒரு கருவியை ஆராய்வோர், அது எவ்வாறு தாக்கும் என்பதோடு, தாக்குண்டபின் உள்ளிருப்போர் கதி யாது என்றும் வினவுதல் வேண்டும்.