பெட்ரோல் பம்பும் மின்வழிப் பிணியும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியர்க்கு மோட்டார் வண்டியில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் வினவக்கூடும். நம் சங்கத்து இளைஞர் பலர் கடன்பட்டு வாங்கிய வாடகைக் கார்களை ஓட்டிக் குடும்பம் காக்கின்றனர். வேறு சிலர் பட்டறைகளில் தொழில் பயில்கின்றனர். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருவாய் நிற்கும். பழுதில்லாத உறுப்பை விலை கொடுத்து மாற்றினாலோ அம்மாதத் தவணையும் நிற்கும். ஆதலின், இப்பொருள் பற்றி எந்திர நூலார் கூறுவனவற்றைத் தொகுத்து எளிய தமிழில் எடுத்துரைத்தல் நலமெனக் கொண்டோம்.

கார்புரேட்டர் பொருந்திய பழைய கார்களுள் பெரும்பாலானவற்றில், எஞ்சினே தன் சுழற்சியால் ஒரு சிறு பம்பை இயக்கிப் பெட்ரோலை இழுத்துக்கொண்டது. 1967-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுப் பாஷ் நிறுவனத்தாரின் மின்னணு முறை வோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தது. பெட்ரோலைப் பீய்ச்சும் அளவை மின்கருவியே அறுதியிட்டது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகை விதிகள் இறுகியபின் இம்முறை பரவிற்று. இதற்குப் பெட்ரோல் பல கார்களில் 3 முதல் 4 பார் வரை அழுத்தத்துடன் செல்லவேண்டும். அதன்பொருட்டு மின்சாரப் பம்பு ஒன்று டாங்கியினுள்ளேயே அமர்த்தப்பட்டது. அப்பம்பு ஓடாதாயின், செல்ப் அடிக்கும், வண்டி புறப்படாது.

இந்நிலையில் பலரும் செய்வது யாது? "பம்பு போயிற்று" என்று கூறி உடனே புதியது வாங்குகின்றனர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கியே பாடம் துணிந்தார்கள். பொருள் விளங்கவில்லை என்ற அளவில் சொல்லை மாற்றினார்களில்லை. பட்டறையிலும் அவ்வொழுக்கமே வேண்டும். சோதனைக்கு முன் உறுப்பை மாற்றலாகாது என்பதே யாம் இன்று வற்புறுத்த வந்தது.

முதலில் மின்வழியை மனத்திற் கொள்க. வழிகள் இரண்டு. பெருவழி, பாட்டரியிலிருந்து ப்யூஸ் வழியாக ரிலேயின் 30 என்னும் முனைக்கு வந்து, 87 என்னும் முனையால் வெளிப்பட்டு, பம்பினுள் புகுந்து, எர்த்து வழியே மீளும். சிறுவழி, ரிலேயின் 85, 86 என்னும் முனைகளுக்கிடையே உள்ள சுருளினது. பல கார்களில் அச்சுருளின் ஒரு முனைக்குச் சாவி வழியே மின்சாரம் வரும். மறுமுனையை வண்டியின் கணினி எர்த்துடன் சேர்க்கும். சிறுவழி ஆணையிடும், பெருவழி வினை செய்யும்.

சாவியைத் திருப்பியவுடன் பல கார்களில் கணினி ஏறத்தாழ 2 வினாடி பம்பை ஓட்டி நிறுத்திவிடும். அப்போது பின்னிருக்கையருகே செவி வைத்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். கேட்டால் மின்வழி பெரும்பாலும் உளது. அழுத்தமானியால் மேலும் சோதிக்க. கேளாவிடில், ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் பம்பின் கப்ளரைக் கழற்றி அதன் இரு முனைகளுக்கிடையே 21 வாட் பல்பு ஒன்றை வைத்துப் பார்க்க. பல்பு ஒளியோடு எரிந்தால் மின்சாரமும் எர்த்தும் வந்துள்ளன; குற்றம் பம்பினது. எரியாவிடில், பல்பின் ஒரு கம்பியை வண்டியின் நல்ல இரும்புப் பகுதியில் வைத்து மீண்டும் பார்க்க. இப்போது எரிந்தால் எர்த்துக் கம்பி கெட்டது. அப்போதும் எரியாவிடில் ரிலேயை நோக்கிச் செல்க. இங்ஙனம் ஒவ்வொரு சோதனையும் ஐயத்தின் ஒரு பகுதியை அகற்றிவிடும்.

ரிலேயைக் கழற்றி 30-ஆம் முனையைச் சோதிக்க. அங்கே மின்சாரம் இல்லையேல் ப்யூசை நாடுக. இருக்குமாயின், ப்யூஸ் சேர்த்த கம்பியால் 30-ஐயும் 87-ஐயும் சிறிது நேரம் இணைக்க. பம்பு ஓடினால், பம்பும் பின்புற ஒயரிங்கும் குற்றமற்றவை. பிழை ரிலேயினது அல்லது ஆணையினது. அதனைத் தெளிய, 85, 86 முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்துச் சாவியைத் திருப்புக. ஈண்டுப் பல்பை வைத்தல் தகாது. அது மிகுதியான மின்னோட்டத்தை இழுத்துக் கணினியைக் கெடுக்கலாம். ஆணை வந்தும் ரிலே இணைக்காவிடில் ரிலேயை மாற்றுக. 2 வினாடி ஓடிய பம்பு, செல்ப் அடிக்கும்போது ஓடாவிடில், எஞ்சின் சுழல்வதை அறிவிக்கும் கிராங்க் சென்சாரை ஐயுறுக. தொடக்கத்திலேயே ஆணை இல்லையெனில், கணினிக்கு மின்சாரம் வருகின்றதா என்றும், திருட்டைத் தடுக்கும் பூட்டு ஆணையைத் தடுத்துள்ளதா என்றும் காண்க.

இனி, தேர்ந்தாரையும் மயக்கும் ஒன்று உளது. கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும், "மின்சாரம் சரி, பம்பே பழுது" என்பர். மல்டிமீட்டர் மிகச் சிறிய மின்னோட்டமே கொள்வதாதலின், களிம்பேறி ஓரிழை மட்டும் எஞ்சிய கம்பியும் அதற்கு நல்ல கம்பியாகவே தோன்றும். 1827-இல் ஓம் என்னும் ஜெர்மானிய அறிஞர் வெளியிட்ட விதியைக் கொண்டு கணக்கிடுக. பம்பு 6 ஆம்பியர் கொள்ளுமாயின், கம்பியில் அரை ஓம் தடையிருப்பினும் 3 வோல்ட் வழியிலேயே அழியும். 12.6 வோல்ட்டில் 9.6 வோல்ட் மட்டுமே பம்பை எய்தும். பம்பு சோர்ந்து ஓடும். ஆகவே, பம்பு ஓடும்போதே அளக்கவேண்டும். மீட்டரின் ஒரு கம்பியைப் பாட்டரியின் பிளஸ் முனையிலும், மற்றதைப் பம்பின் பிளஸ் முனையிலும் வைக்க. ஏறத்தாழ அரை வோல்ட்டுக்கு மேற்பட்டால் வழியில் பிணி உண்டு. எர்த்துப் பக்கத்தில் இழப்பு இதனினும் குறைவாக இருத்தல் வேண்டும்.

வெயிலில் மட்டும் தோன்றும் பிணியும் உண்டு. 1990-களின் ஹோண்டா சிவிக், அக்கார்டு கார்களில் மெயின் ரிலே டாஷ்போர்டின் கீழ் இருந்தது. ஆண்டுகள் செல்ல அதன் ஈயப்பற்றுகளில் நுண்ணிய வெடிப்பு உண்டாகும். வெயிலில் நிறுத்திய வண்டி புறப்படாது; குளிர்ந்தபின் ஒன்றும் அறியாதது போலப் புறப்படும். இதற்குப் பலர் பம்பை மாற்றினர். வேண்டியதோ அப்பற்றுகளை மீண்டும் பற்றவைத்தல் ஒன்றே. பிணி தோன்றும் வேளையிற் சோதிப்பதே சோதனை.

இளைஞர்களே! இரண்டு செயல்களை ஒருபோதும் செய்யாதீர். ப்யூஸ் அடிக்கடி போகின்றதென்று பெரிய ப்யூஸ் இடாதீர். உராய்ந்த கம்பியோ இறுகிய பம்போ மின்னோட்டத்தை மிகுவிக்கின்றது என்பதற்கு அதுவே அறிகுறி. ரிலேயைத் தவிர்த்துக் கம்பியால் நிலையாக இணைத்து வண்டியை அனுப்பாதீர். எஞ்சின் நின்றவுடன் கணினி பம்பை நிறுத்துவதும், சில கார்களில் மோதலின்போது தனிச் சுவிட்சு பம்பை நிறுத்துவதும், விபத்தில் உடைந்த குழாய் வழியே பெட்ரோல் பாயாமற் காக்கவே. அக்காவலை நீக்கியவன் அன்று கூலி பெறுவான். அவ்வண்டியில் ஏறிய குடும்பமோ நெருப்பின் வாயில் அமர்ந்து செல்லும். டாங்கியருகே சோதிக்கும்போதும் பொறி பறவாமற் காத்தல் வேண்டும்.

பம்பின் வேகத்தையே தனிக்கருவியால் கூட்டிக் குறைக்கும் புதிய கார்களில் ரிலேயைக் கம்பியால் இணைக்கும் சோதனை பொருந்தாது; அவ்வவ் வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்த்தே தொடங்குக.

சோதனைக்குச் செல்வது அரைமணி நேரமே. அதனைச் செய்தபின் "இன்னது பழுது, இன்ன காரணத்தால் அறிந்தேன்" என்று வண்டியுடையார்க்குக் காட்டிக் கூலி பெறுக. வண்டியுடையாரும், "எங்ஙனம் அறிந்தீர்?" என்று வினவிய பின்னரே புதிய உறுப்புக்குப் பொருள் கொடுக்க. அவ்வினாவுக்கு விடை சொல்ல வல்லவனே தொழிலாளி. அவனைத் தேடி ஊரார் வருவர்.